பெரிய வீட்டு கேட்டில் ஒன்பது வருஷம்

கேள்வி கேட்ட தம்பி காவேரிப்பட்டணத்துக்காரர், வயது 29. ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி கேட்டில் ஏஜென்சி மூலமாக மூன்று வருஷம் நின்றிருக்கிறார். இப்போது கிருஷ்ணகிரியில் ஒரு கிரானைட் முதலாளி வீட்டிலிருந்து, "செக்யூரிட்டி ஆபீசர்" வேலைக்கு வா, மாசம் 22,000, தங்க அறை தருகிறோம் என்று நேரடியாகக் கூப்பிட்டிருக்கிறார்கள். போகலாமா, அடிதடி, துப்பாக்கி எல்லாம் இருக்குமா, கம்பெனி வேலைக்கும் வீட்டு வேலைக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கிறார்.

நான் ராணுவத்தில் 17 வருஷம் இருந்துவிட்டு ஹவில்தாராக வெளியே வந்தவன். ஊர் காரிமங்கலம் பக்கம். வந்த பிறகு கிருஷ்ணகிரியில் மாங்கூழ் ஏற்றுமதி செய்கிற ஒரு குடும்பத்து வீட்டில் ஒன்பது வருஷம் கேட்டைப் பார்த்தேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன். போகலாம் தம்பி. ஆனால் என்ன வேலைக்குப் போகிறோம் என்று தெரிந்துகொண்டு போங்கள்.

அடிதடி பற்றிய கேள்விக்கு முதலில் பதில். ஒன்பது வருஷத்தில் நான் லத்தியை இரண்டு தடவை ஓங்கினேன். ஒன்று கண்ணாடி விரியனுக்கு, இன்னொன்று பக்கத்து வீட்டு நாய்க்கு. சுவர் ஏறிக் குதித்து வருகிற திருடன் வருஷக்கணக்கில் காத்திருந்தாலும் வராமல் போகலாம். கேட் வழியாக, பேர் சொல்லி, சிரித்துக்கொண்டே உள்ளே வருகிறவர்கள் தினம் முப்பது பேர் வருவார்கள். வேலை அவர்களிடம்தான்.

2021 ஜனவரியில் ஓசூர் பாகலூர் சாலையில் நகைக்கடன் நிறுவனத்தில் நடந்த கொள்ளை ஞாபகம் இருக்கும். காலையில் கிளை திறந்த கொஞ்ச நேரத்தில், வாடிக்கையாளர் வருகிற மாதிரி வந்து, 25 கிலோ அளவுக்கு நகையை அள்ளிக்கொண்டு போனார்கள். மறுநாளே ஹைதராபாத் பக்கம் பிடிபட்டார்கள், அது வேறு விஷயம். அவர்கள் ராத்திரி கன்னம் வைக்கவில்லை, பட்டப்பகலில் வாசல் வழியாக வந்தார்கள் என்பதைக் கவனியுங்கள். வீட்டுக்கும் அதே கணக்குதான். காஸ் அடுப்பு சர்வீஸ், தண்ணீர் ஃபில்டர் மாற்ற வந்திருக்கிறேன், கல்யாணப் பத்திரிகை வைக்க வந்திருக்கிறோம், அய்யா ஃபைல் எடுத்துவரச் சொன்னார். இந்த நாலு வாக்கியத்தில் ஏதாவது ஒன்றைச் சொல்லித்தான் தெரியாதவன் உள்ளே வரப் பார்ப்பான். உள்ளே போன் போட்டு, "அம்மா, இன்னார் வந்திருக்கார், அனுப்பட்டுமா?" என்று கேட்கிற வரைக்கும் கேட் திறக்கக் கூடாது. வந்தவர் கோபப்படுவார். பரவாயில்லை. சொந்தக்காரர்கள்தான் ரொம்பக் கோபப்படுவார்கள், "என்னையே நிறுத்துறியா" என்று. அவர்களை வெயிலில் நிற்க வைக்காமல் நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டுப் போன் போடுங்கள். கோபம் பாதியாகும்.

கம்பெனி கேட்டில் இந்தச் சங்கடம் கிடையாது. பாஸ் இருந்தால் உள்ளே, இல்லாவிட்டால் வெளியே. வீட்டில் பாஸ் கிடையாது, முகம்தான். அதுவும் நம்ம ஊர்ப் பெரிய வீடுகள் பாதி வீடு, பாதி ஆபீஸ். மாங்காய் சீசனில், சித்திரை பிறந்ததிலிருந்து ஆடி வரைக்கும், எங்கள் வீட்டு வாசல் மண்டி மாதிரி இருக்கும். பெங்களூரா ரக மாங்காய் லோடு இறக்கிய தோட்டக்காரர்கள் பாக்கி வாங்க வருவார்கள். சந்தூர், போச்சம்பள்ளி, பர்கூர் என்று எல்லாத் திசையிலிருந்தும். பணம் உள்ளே எண்ணப்படும். யாரையும் திருப்பி அனுப்ப முடியாது, யாரையும் முன் வராந்தாவைத் தாண்டி விடவும் கூடாது. நீங்கள் போகப்போகிற கிரானைட் வீட்டில் இதே கூட்டம் லாரிக்காரர், குவாரி மேஸ்திரி, டீசல் பில்லுக்கு வருகிறவர் என்று இருக்கும்.

அதனால் சொல்கிறேன், கேட் நோட்டுதான் உங்கள் ஆயுதம். பொட்டிக்கடையில் கிடைக்கிற 200 பக்கம் நீள நோட்டு போதும். நேரம், பேர், வண்டி நம்பர், யாரைப் பார்க்க, எப்போது வெளியே போனார். இதைச் சிப்காட்டிலேயே எழுதியிருப்பீர்கள். வீட்டில் கூடுதலாக ஒன்று எழுத வேண்டும்: வெளியே போகிற பொருள். பழைய பேப்பர், இஸ்திரி மூட்டை, மெக்கானிக் எடுத்துப்போன பேட்டரி, எல்லாம்.

ஏன் என்று சொல்கிறேன். நான் சேர்ந்த மூன்றாவது வருஷம், ஆனி மாசம், சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரம். வீட்டு மருமகளின் ஐந்து பவுன் சங்கிலியைக் காணோம். வீட்டுக்குள் போய்வருகிற சமையல் அம்மா, டிரைவர், வேலைக்காரப் பெண் என்று மூன்று பேர் இருந்தும் முதல் பார்வை கேட்டுப் பக்கம்தான் வந்தது. அன்றைக்கு மதியம் ஃபியூஸ் போட நான் மாடிக்குப் போயிருந்தேன். அது போதுமே. ஸ்டேஷனில் உட்கார வைத்தார்கள். அடிக்கவில்லை, ஆனால் "மிலிட்டரிக்காரன்னு நம்பி வேலைக்கு வச்சாங்களே" என்று ஒருத்தர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. நான் நோட்டைக் கொண்டுவரச் சொன்னேன். மாலை 5.40, இஸ்திரி மூட்டை வெளியே, 23 உருப்படி என்று எழுதியிருந்தது. இஸ்திரிக்காரரை எழுப்பி மூட்டையைப் பிரித்தால், தலையணை உறைக்குள் சங்கிலி. மதியம் தூங்கும்போது கழற்றித் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறார்கள். உறை மாற்றும்போது அதோடு சேர்ந்து போய்விட்டது. அவர் மூட்டையை இன்னும் அவிழ்க்கக்கூட இல்லை.

ராத்திரி பதினொன்றரைக்குத் திரும்பவும் கேட்டில் வந்து உட்கார்ந்தேன். யாரும் எதுவும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் வீட்டு அவ்வா, அதாவது பாட்டி, எண்பது வயசிருக்கும், தானே நடந்து வந்து காபி கொடுத்தார்கள். எனக்கென்று கேட் அறையில் தனியாக ஒரு டம்ளர் உண்டு. அன்றைக்கு வந்தது வீட்டு டம்ளர். அவ்வளவுதான், மன்னிப்பு என்று வாய்விட்டு யாரும் கேட்கவில்லை. நான் அந்த வாரம் வேலையை விட்டுவிடலாம் என்று இருந்தேன். விடவில்லை. மாடிக்குப் போவதை விட்டேன்.

உங்களிடம் நான் சொல்ல வந்த முக்கியமான விஷயமே இதுதான். வீட்டுக் காவலில் பெரிய ஆபத்து திருடன் இல்லை, எடுபிடி வேலை. முதல் மாசம் "தம்பி, கொஞ்சம் இந்த பார்சலை உள்ள வச்சிடுங்க" என்று ஆரம்பிக்கும். ரெண்டாவது மாசம் கார் கழுவுவது. மூன்றாவது மாசம் பையனை டியூஷனில் விட்டுவா, ரவுண்டானாவுக்குப் போய் மட்டன் வாங்கி வா. எல்லாம் அன்பாகத்தான் சொல்வார்கள். மறுத்தால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். ஆனால் நீங்கள் மட்டன் கடையில் நிற்கிற அரை மணி நேரம் கேட் அனாதை. அந்த அரை மணியில் ஏதாவது நடந்தால், மட்டன் வாங்கப் போனதை யாரும் ஞாபகம் வைத்திருக்க மாட்டார்கள். "கேட்டில் ஆள் இல்லை" என்பது மட்டும்தான் நிற்கும். வீட்டுக்குள் போய்வந்து பழகிவிட்டால், எந்தப் பொருள் காணாமல் போனாலும் நீங்களும் பட்டியலில் ஒருத்தர்.

எப்படி மறுப்பது? முகத்துக்கு நேராக முடியாது என்று சொல்லாதீர்கள். "போறேன்மா, அதுவரைக்கும் கேட்டுக்கு டிரைவரை வரச் சொல்லுங்க" என்று கேளுங்கள். ரெண்டு மூணு தடவை கேட்டால் அவர்களுக்கே அலுத்துப்போய் டிரைவரையே கடைக்கு அனுப்பிவிடுவார்கள். எனக்கு இது பலித்தது. ஒரே ஒரு வேலையை மட்டும் நானே விரும்பிச் செய்தேன். அவ்வாவை அமாவாசைக்கு அமாவாசை கோயிலுக்குக் கூட்டிப்போவது. அதற்கும் நோட்டில் நேரம் எழுதிவிட்டுத்தான் போவேன்.

சரி, துப்பாக்கி. முதலாளியிடம் லைசென்ஸ் துப்பாக்கி இருக்கலாம். லைசென்ஸ் அவர் பேரில். அவர் ஊரில் இல்லாதபோது "ராத்திரிக்கு நீ வச்சுக்கோ" என்று கொடுத்தால் வாங்காதீர்கள். ஆயுதச் சட்டப்படி உங்கள் மேலும் வழக்கு வரும். நான் பதினேழு வருஷம் ரைஃபிள் தூக்கினவன், எனக்கே அந்த வீட்டுத் துப்பாக்கியைத் துடைக்கக்கூட உரிமை கிடையாது. டார்ச், விசில், லத்தி, சார்ஜ் உள்ள போன். இது போதும்.

யாராவது கையும் களவுமாக மாட்டினால் என்ன செய்யலாம் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் புதுச் சட்டங்கள் வந்துவிட்டன. உங்கள் கண் முன்னால், ஜாமீனில் விட முடியாத, போலீஸ் வாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றத்தை ஒருவன் செய்தால், சாதாரண ஆளே அவனைப் பிடித்து வைக்கலாம். ஆனால் தாமதம் இல்லாமல், அதிகபட்சம் 6 மணி நேரத்துக்குள் போலீசில் ஒப்படைக்க வேண்டும். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 40ஆவது பிரிவு. தற்காப்பு உரிமை பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரை இருக்கிறது. தற்காப்பு என்றால் தேவையான அளவுக்குத்தான். பிடித்தவனைக் கட்டிவைத்து அடித்தால் அது தற்காப்பு இல்லை. முதலாளி பையன் நாலு பேரைக் கூட்டிவந்து அடிக்கச் சொன்னாலும் கையைக் கட்டிக்கொண்டு 112-க்குப் போன் போடுங்கள். அடித்தவர்களுக்கு வக்கீல் கிடைப்பார், உங்களுக்குக் கிடைக்க மாட்டார்.

இன்னொரு சங்கதி. நம்ம மாவட்டத்துப் பெரிய வீடுகளுக்கு ரெய்டு வருவது புதுசு இல்லை. நிஜ அதிகாரிகள் வந்தால் தடுக்கக் கூடாது. அடையாள அட்டையையும் சோதனை உத்தரவையும் காட்டச் சொல்லலாம், வீட்டுக்காரரைக் கூப்பிடலாம், அத்தோடு ஒதுங்கி நில்லுங்கள். அதிகாரி வேஷம் போட்டு வருகிற கும்பலும் உண்டு. சந்தேகம் வந்தால் கேட்டைத் திறக்கும் முன் உள்ளூர் ஸ்டேஷனுக்கு ஒரு போன். நிஜ அதிகாரிக்கு அதில் நஷ்டம் எதுவும் இல்லை.

ஏஜென்சி விஷயத்துக்கு வருகிறேன். 2005-இல் வந்த தனியார் பாதுகாப்பு முகமைகள் ஒழுங்குமுறைச் சட்டம் ஏஜென்சிகளுக்கானது. லைசென்ஸ் இல்லாமல் ஏஜென்சி நடத்தக் கூடாது, காவலர் 18 வயதுக்குக் குறையாமலும் 65-ஐத் தாண்டாமலும் இருக்க வேண்டும், போட்டோ போட்ட அடையாள அட்டை தர வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. மத்திய அரசின் 2006 மாதிரி விதிகளில் 100 மணி நேரம் வகுப்பு, 60 மணி நேரம் களப் பயிற்சி. ராணுவம், போலீசிலிருந்து வருகிறவர்களுக்கு 40, 16 என்று இருந்தது. ஒரு கிலோமீட்டரை ஆறு நிமிஷத்தில் ஓட வேண்டும் என்றும் இருந்தது. நம்ம ஏஜென்சி காவலர்களில் எத்தனை பேர் ஓடிக் காட்டியிருப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

ஒரு வீட்டுக்காரர் தன் வீட்டுக்கு மட்டும் நேரடியாக ஒரு ஆளை வைத்துக்கொண்டால் அவர் ஏஜென்சி ஆக மாட்டார். அதாவது அந்தச் சட்டம் தருகிற பாதுகாப்பும் உங்களுக்கு இருக்காது. "ஆபீசர்" என்று பேர் வைத்தாலும் அப்படித்தான். யூனிஃபார்மில் மட்டும் ஜாக்கிரதை. சில முதலாளிகளுக்கு வாசலில் காக்கியும் தொப்பியும் நிற்பது பெருமை. ஏஜென்சிக் காவலர் போலீஸ், ராணுவ உடை மாதிரி போட்டால் அந்தச் சட்டத்தின் 21ஆவது பிரிவில் ஒரு வருஷம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நேரடி வேலையானாலும் அந்தக் கோலம் வேண்டாம், நீலமோ சாம்பலோ கேட்டு வாங்குங்கள்.

கேமரா பற்றிச் சுருக்கமாக. எல்லா வீட்டிலும் எட்டு, பத்து கேமரா இருக்கும். ராத்திரி அதன் விளக்குக்குப் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும், ஒரு வாரத்தில் திரையில் வலையைத் தவிர ஒன்றும் தெரியாது. தினம் சாயங்காலம் ஒட்டடைக் குச்சியால் ஒரு தட்டு தட்டுங்கள். பதிவாகிற பெட்டி ஹாலில் டிவிக்குக் கீழே இருந்தால், பூட்டிய அறைக்கு மாற்றச் சொல்லுங்கள். திருடன் முதலில் அதைத்தான் தூக்குவான். நாய் இருந்தால், அதற்குச் சோறு போடுகிறவர் ஒருத்தராக இருக்கட்டும். வருகிறவன் போகிறவன் எல்லாம் பிஸ்கட் போடுகிற நாய் குரைக்காது.

பண்ணை வீட்டில் போடுவார்களா என்று முன்கூட்டியே கேளுங்கள். தளி, தேன்கனிக்கோட்டை, ராயக்கோட்டைப் பக்கம் பெரிய வீட்டுக்காரர்களுக்குப் பண்ணை இல்லாமல் இருக்காது. அங்கே திருடன் யானை. ராகி முற்றுகிற சமயத்தில் பன்னர்கட்டா காட்டுப் பக்கத்திலிருந்து கூட்டமாக இறங்கும். டார்ச் அடித்து விரட்டுகிற வீரம் எல்லாம் வேண்டாம். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வனத்துறைக்குச் சொல்லுங்கள். அதைவிட முக்கியம், வேலிக்கு வீட்டு மின்சாரத்தை நேராகக் கொடுத்து வைத்திருந்தால், "ராத்திரி எட்டு மணிக்கு சுவிட்சைப் போட்டு விடு" என்று உங்களிடம்தான் சொல்வார்கள். போடாதீர்கள். 2023 மார்ச்சில் மாரண்டஹள்ளி பக்கத்தில் இப்படி ஒரு வேலியில் அடிபட்டு மூன்று பெண் யானைகள் ஒன்றாக விழுந்தன, பக்கத்தில் இரண்டு குட்டிகள் நின்றன. நிலத்துக்காரரைக் கைது செய்தார்கள். உங்கள் பண்ணையில் அப்படி நடந்தால் சுவிட்சில் யார் கை இருந்தது என்று கேட்பார்கள்.

தர்மபுரி மியூசியம் பக்கம் போனால் நடுகற்களைப் பாருங்கள். ஆநிரை மீட்கப்போய்ச் செத்தவனுக்குக் கல் நட்டுக் கும்பிட்ட ஊர் இது. எனக்குக் கல் வேண்டாம், பி.எஃப். போதும் என்பேன் நான்.

அந்தக் கணக்கைப் பார்ப்போம். ஏஜென்சியில் உங்களுக்குக் கையில் வருவது குறைவாக இருந்தாலும் பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள். ஈ.எஸ்.ஐ.யில் உங்கள் பங்கு 0.75 சதவீதம், அவர்கள் பங்கு 3.25. அதற்கு வீட்டில் எல்லாருக்கும் வைத்தியம். நேரடியாக ஒரு வீட்டு வேலைக்குப் போனால் இரண்டும் போய்விடும். 22,000-இல் அதைக் கழித்துப் பார்த்துத்தான் லாபமா நஷ்டமா என்று முடிவு செய்ய வேண்டும். இதற்கு ஒரு வழி உண்டு. அவருக்கு கிரானைட் கம்பெனி இருக்கிறதே, அந்தக் கம்பெனி மஸ்டரில், அதாவது ஊழியர் பட்டியலில், உங்கள் பேரைச் சேர்க்கச் சொல்லுங்கள். பி.எஃப். கிடைத்துவிடும். ஆனால் ஈ.எஸ்.ஐ.க்குச் சம்பளம் மாசம் 21,000-க்குள் இருக்க வேண்டும் என்ற வரம்பு இருப்பதால், 22,000 என்றால் அது கிடைக்காது. ஆயிரம் ரூபாயை விட்டுக்கொடுத்தால் குடும்பத்துக்கு வைத்தியம் வரும் என்றால் நான் விட்டுக்கொடுப்பேன். கல்யாணம் ஆகாதவர் என்றால் உங்கள் இஷ்டம். எப்படியானாலும் வருஷம் 20 ரூபாய்க்கு 2 லட்சம் தருகிற விபத்துக் காப்பீட்டை பேங்கில் போட்டு விடுங்கள்.

அப்புறம் ரிலீவர், அதாவது மாற்று ஆள். சம்பளத்தைவிடப் பெரிய விஷயம். பகலுக்கு ஒருத்தர், ராத்திரிக்கு ஒருத்தர், வார லீவுக்கு மூன்றாவது ஆள். மூன்றாவது ஆள் இல்லாத வீட்டில் லீவே கிடையாது என்று அர்த்தம். தங்க அறை தருகிறோம் என்கிறார்களே, அதில் சந்தோஷப்படும் முன் யோசியுங்கள். அங்கேயே தங்கினால் டூட்டி முடிந்த பிறகும் "அங்கதான இருக்கான், கூப்பிடு" என்பார்கள். ராத்திரி ரெண்டு மணிக்கு கார் வந்தால் பகல் ஆளும் எழுந்து வர வேண்டியிருக்கும். காவேரிப்பட்டணம் கூப்பிடு தூரம்தான். வீட்டிலிருந்து வந்துபோக முடிந்தால் அதுவே நல்லது.

கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டில் சட்டத்தைத் திருத்தினார்கள். அது வீட்டு கேட்டுக்கு வராது. நாற்காலி, ஃபேன், மழைக்கு ஒதுங்க ஒரு கூரை, கழிப்பறை, இதெல்லாம் நீங்கள் வாயைத் திறந்து கேட்டால்தான். கழிப்பறை எங்கே என்று போன முதல் நாளே பாருங்கள். வீட்டுக்குப் பின்னால் தோட்டத்தைச் சுற்றிப் போக வேண்டும் என்றால், ஒவ்வொரு தடவையும் கேட் ஐந்து நிமிஷம் அனாதை. அதையே காரணமாகச் சொல்லி முன்பக்கம் கட்டச் சொல்லலாம். நான் சொல்லி ஒரு வருஷம் கழித்துக் கட்டினார்கள்.

பேசப் போகும்போது ஆதார், ஏஜென்சி அடையாள அட்டை, பயிற்சிச் சான்றிதழ் இருந்தால் அதுவும், எல்லாவற்றுக்கும் நகல் கொண்டு போங்கள். போலீஸ் சரிபார்ப்பு அவர்கள் கேட்காவிட்டாலும் நீங்களே செய்துகொள்ளச் சொல்லுங்கள், பின்னால் உங்களுக்கு உதவும். வேலை என்ன, எத்தனை மணி நேரம், லீவு எப்போது என்று ஒரு தாளில் எழுதி முதலாளியிடம் கையெழுத்து வாங்குங்கள். நோட்டும் பேனாவும் வீட்டுச் செலவில் என்பதையும் அதில் சேருங்கள். சின்ன விஷயம்தான், ஆனால் நோட்டு அவர்கள் வாங்கிக் கொடுத்ததாக இருந்தால், அதில் எழுதுவதற்காக யாரும் உங்களிடம் சண்டைக்கு வர முடியாது. சம்பளத்தைக் கடைசியாகப் பேசுங்கள்.